பிள்ளை இன்னும் நடக்கவில்லை, பேசவில்லை: எதற்குக் காத்திருக்கலாம், எதற்கு உடனே காட்ட வேண்டும்?

நான் பேச்சுப் பயிற்சியாளர். ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளோடுதான் என் வேலை. ஒரு வயதிலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளின் நடை, பேச்சு பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள், ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். நடை பற்றிய பதில்களை எங்களோடு வேலை செய்யும் பிசியோதெரபிஸ்ட் படித்துப் பார்த்துவிட்டார். பிள்ளையை நேரில் பார்க்காமல் "ஒன்றுமில்லை, நார்மல்தான்" என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். எதைக் கவனிக்க வேண்டும், எப்போது யாரிடம் போக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்ல முடியும்.

கேள்வி: அக்கா, பாப்பாவுக்கு 14 மாதம். சோபாவைப் பிடித்துக்கொண்டே ஓரமாக நடக்கிறாள், கையை விட்டால் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். நாத்தனார் பையன் 10 மாதத்தில் நடந்துவிட்டான், வீட்டில் தினமும் அதே பேச்சு. (ஈரோடு)

பதில்: நாத்தனார் பையனை விட்டுவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் ஆரோக்கியமான பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்து 2006-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. அதில் தனியாக நடப்பதற்கான காலம் ஏறக்குறைய 8 மாதத்தில் தொடங்கிப் பதினேழரை மாதம் வரை போகிறது. 10 மாதத்தில் நடந்தவனும் 16 மாதத்தில் நடப்பவளும் அந்தக் கணக்கில் ஒன்றுதான், சீக்கிரம் நடந்த பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடப்பது தனி நடைக்கு முந்தைய படி, அதில் உங்கள் பாப்பா இருக்கிறாள்.

18 மாதம் முடிந்தும் தனியாக நடக்கவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள். ஆண் பிள்ளையாக இருந்தால் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை தேவையா என்று நீங்களே கேளுங்கள், தசைச் சிதைவு நோயை அது முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும். உடம்பு துணி மாதிரித் தொய்வாக இருந்தாலோ, கால்கள் விறைப்பாக இருந்தாலோ, ஒரு வயதுக்குள்ளேயே எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினாலோ 18 மாதம் வரை காத்திருக்கக் கூடாது.

கேள்வி: என் பையன் தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே நகர்ந்து, நேராக எழுந்து நின்றுவிட்டான். தவழாவிட்டால் மூளை வளர்ச்சி பாதிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். (தஞ்சாவூர்)

பதில்: அதே ஆய்வில் நூற்றுக்கு நாலு பிள்ளைகள் தவழாமலேயே நடந்தார்கள், அவர்களும் ஆரோக்கியமான பிள்ளைகள்தான். அந்த வீடியோவை மறந்துவிடுங்கள். தவழும்போது ஒரு பக்கத்துக் கையையும் காலையும் மட்டும் இழுத்துக்கொண்டு போனால்தான் காட்ட வேண்டும்.

கேள்வி: வாக்கர் வாங்கலாமா மேடம்? அப்பா கோயில் கடையில் மர நடைவண்டி வாங்கி வைத்திருக்கிறார், எது நல்லது? (கும்பகோணம்)

பதில்: அப்பா வாங்கியதே போதும். நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நின்று, தன் எடையைத் தானே தாங்கித் தள்ளுகிறது. உள்ளே உட்கார வைக்கும் சக்கர வாக்கரில் பிள்ளை தொங்கிக்கொண்டு நுனிக்காலால் உந்துகிறது, தான் நிற்கும் வேலையை அது கற்றுக்கொள்வதில்லை. வாசல்படியில் உருண்டு விழுவது, அடுப்பருகே போய் எதையாவது இழுத்துக்கொள்வது என்று விபத்துகள் வேறு. கனடாவில் 2004 முதல் அந்த வாக்கரை விற்கவே தடை. நடைவண்டி தள்ளும்போதும் ஆள் பக்கத்தில் இருங்கள், ஆணியோ சிலாம்போ நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பாருங்கள்.

கேள்வி: 22 மாதப் பையன். அம்மா, அப்பா, தாத்தா உட்பட ஐந்தாறு வார்த்தைதான். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம், அதனால் விடு, தானாக வரும் என்கிறார்கள். எனக்குத் தூக்கம் வருவதில்லை. (திருப்பூர்)

பதில்: முதலில் சரியாக எண்ணுங்கள். "தா", "வா", "வேணாம்", "போச்சு" எல்லாம் வார்த்தைதான். காக்காவைப் பார்த்து "கா" என்றால், மாட்டைப் பார்த்து "மா" என்றால், ஒவ்வொரு தடவையும் அதையே அதற்குச் சொன்னால் அதுவும் வார்த்தைதான். இரண்டு நாள் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள், ஐந்தாறு என்று வந்த பல அம்மாக்கள் இருபதுக்கு மேல் எழுதிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

அப்புறம் புரிதலைப் பாருங்கள், எனக்கு எண்ணிக்கையைவிட இது முக்கியம். கையால் காட்டாமல், கண்ணால் ஜாடை செய்யாமல், "உன் செருப்பை எடுத்துட்டு வா" என்றால் எடுத்து வருகிறானா? "மூக்கு எங்கே" என்றால் தொடுகிறானா? வேண்டியதை விரல் நீட்டிக் கேட்கிறானா? இதெல்லாம் இருந்து பேச்சு மட்டும் தாமதம் என்றால், அப்படிப்பட்ட பிள்ளைகளில் பாதிக்கு மேல் பள்ளிக்குப் போகும் வயதுக்குள் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிடுவார்கள். ஆனால் எந்தப் பிள்ளை எட்டிப் பிடிக்கும், எது பிடிக்காது என்று இப்போதே யாராலும் சொல்ல முடியாது. அப்பா தாமதமாகப் பேசினார் என்றால் அது காத்திருக்கக் காரணமே அல்ல. பேச்சுத் தாமதம் பரம்பரையாக வரக்கூடியது, ஆகவே சீக்கிரம் பார்ப்பதற்குத்தான் அது காரணம். இரண்டு வயதில் ஏறக்குறைய 50 சொற்களும், "பால் தா", "அப்பா வா" மாதிரி இரண்டு சொல் சேர்ப்பதும் வந்திருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரமே ஒரு காது பரிசோதனைக்கும் பேச்சு மதிப்பீட்டுக்கும் போயிருப்பேன். போய் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் ஒரு நாள்தான் செலவு.

வீட்டில் "சொல்லு, சொல்லு, ஆப்பிள் சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள், வாயை இறுக்கி மூடிக்கொள்வான். சோப்பு நுரை ஊதும் குப்பி ஒன்று வாங்குங்கள். ஒருமுறை ஊதுங்கள், அவன் சிரித்துக் குதித்ததும் வளையத்தை உதட்டருகே வைத்துக்கொண்டு அவன் முகத்தைப் பார்த்தபடி நிறுத்திவிடுங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள், அதற்குள் வாய் திறக்காதீர்கள். அவன் உங்கள் கையைத் தொட்டாலும், "ஊ" என்றாலும், பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாலும் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டு "ஊது!" என்று நீங்கள் சொல்லிவிட்டு ஊதுங்கள். பெரும்பாலான பெற்றோருக்கு அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம், மூன்றிலேயே பேசிவிடுகிறார்கள். அதேபோல "பால் வேணுமா" என்று கேட்டால் தலையாட்டலோடு முடிந்துவிடும், "பாலா, தண்ணியா" என்று இரண்டையும் காட்டிக் கேளுங்கள். அவன் "பால்" என்றால் நீங்கள் ஒரு சொல் கூட்டி "சூடு பால்" என்று திருப்பிச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பையனுக்கு 20 மாதம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் ஃபோனில் பாட்டு போட்டால் அடுத்த அறையிலிருந்து ஓடி வருகிறான். ஏதாவது வேண்டும் என்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போய் அங்கே வைக்கிறான். சிலர் இதை "வெர்ச்சுவல் ஆட்டிசம்", ஃபோனை நிறுத்தினால் சரியாகிவிடும் என்கிறார்கள். (சேலம், அப்பா)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்தவுடன் மற்ற கேள்விகளை நிறுத்திவிட்டு இதற்குத்தான் முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன். ஒரு வயதிலேயே பெரும்பாலான பிள்ளைகள் பெயருக்குத் திரும்புவார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்து ஒரு பிள்ளை விரலை நீட்டும், உடனே திரும்பி அம்மா முகத்தைப் பார்க்கும், மறுபடி மின்விசிறியைப் பார்க்கும். "நீயும் பாரேன்" என்று அது சொல்கிறது. அந்தப் பார்வை ஒன்றரை வயதுக்குள் வந்திருக்க வேண்டும். உங்கள் கையைப் பிடித்து ஃபிரிட்ஜ் கைப்பிடியில் வைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமல் கதவை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்றால் அது வேறு. இது ஆட்டிசம் என்று நான் சொல்லவில்லை, எழுத்தை வைத்து யாரும் சொல்லக் கூடாது. ஆனால் மதிப்பீடு தேவை, தள்ளிப்போடக் கூடாது.

16 முதல் 30 மாதம் வரை உள்ள பிள்ளைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள் கொண்ட ஒரு முதற்கட்டச் சோதனை இருக்கிறது, உங்கள் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். அது நோயை உறுதி செய்யாது, அடுத்து மேலே பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும்.

"வெர்ச்சுவல் ஆட்டிசம்" என்பது மருத்துவத்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட நோய்ப் பெயரே அல்ல. இரண்டு வயது வரை திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது, ஆகவே ஃபோனை இன்றே நிறுத்துங்கள். சாப்பாடு ஊட்டும்போது நிறுத்துவதுதான் கஷ்டம், இரண்டு மூன்று நாள் அழுவான், தாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் "ஃபோனை நிறுத்திவிட்டு ஆறு மாதம் பார்ப்போம், அப்புறம் டாக்டரிடம் போகலாம்" என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் பேச்சு அதுதான். ஆட்டிசமாகவே இருந்தாலும் இரண்டு வயதில் பயிற்சியைத் தொடங்கிய பிள்ளைக்கும் நாலு வயதில் தொடங்கிய பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தைத் தினமும் பார்க்கிறேன். இரண்டையும் ஒன்றாகச் செய்யுங்கள், ஃபோனை நிறுத்திய அன்றே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்திவிட்டாலோ, டாட்டா காட்டிக்கொண்டிருந்தது காட்டாமல் போனாலோ எந்த வயதாக இருந்தாலும் உடனே போக வேண்டும்.

கேள்வி: டாக்டர் பெரா டெஸ்ட் எழுதிக் கொடுத்திருக்கிறார். பாப்பா டி.வி. விளம்பரத்துக்கு ஓடி வருகிறாள், தட்டு விழுந்தால் திரும்புகிறாள். காது கேட்கிற பிள்ளைக்குத் தூக்க மருந்து கொடுத்து எதற்கு டெஸ்ட்? (மதுரை)

பதில்: தட்டுச் சத்தம் கேட்பது வேறு, பேச்சு கேட்பது வேறு. சில பிள்ளைகளுக்குக் கனமான, தாழ்ந்த சுருதிச் சத்தம் கேட்கும், கீச்சென்ற மெல்லிய சத்தம் கேட்காது. மேளம் கேட்கும், கதவு அடிப்பது கேட்கும், ஆனால் "ச", "ஸ" போன்ற மெல்லிய ஒலிகள் விழாது. "சாப்பிடு" என்பது "ஆப்பிடு" போலக் காதில் விழுந்தால் அப்படித்தானே திருப்பிச் சொல்லும்? அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்துக்கொண்டு, சில வாரம் கேட்டும் சில வாரம் கேட்காமலும் இருப்பதும் உண்டு.

பெராவில் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் சிறிய பட்டைகளை ஒட்டி, காதில் சத்தம் போட்டு, நரம்பு வழியாகச் செய்தி போகிறதா என்று பார்ப்பார்கள். வலி கிடையாது. அசையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் தூக்கம். மருந்து பயமாக இருந்தால், காலையில் சீக்கிரம் எழுப்பி, வழியில் தூங்க விடாமல் கூட்டிவந்து, அங்கே பால் கொடுத்துத் தூங்கவைத்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் அப்படியும் எடுக்கிறார்கள். பேச்சு தாமதமான எந்தப் பிள்ளையையும் காது பார்க்காமல் நான் பயிற்சிக்கு எடுப்பதில்லை. கேட்கவில்லை என்று தெரிந்தாலும் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காக்ளியர் கருவி (உள்காதில் வைத்துக் கேட்க உதவும் கருவி) பொருத்தும் அறுவை சிகிச்சை இலவசம்.

கேள்வி: பெங்களூரில் இருக்கிறோம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், பிளே ஸ்கூலில் இங்கிலீஷ். இரண்டே கால் வயது, குழம்பிப் போய்த்தான் பேசவில்லை, வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள் என்று பள்ளியில் சொல்கிறார்கள்.

பதில்: வேண்டாம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதமாகாது. சொற்களை எண்ணும்போது மூன்று மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். "நீர்", "வாட்டர்" இரண்டும் சொன்னால் இரண்டு. எல்லாம் சேர்த்தும் குறைவாக இருந்தால் அது மொழிக் குழப்பம் இல்லை, தாமதம்தான், காட்டுங்கள். உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்சவும் திட்டவும் கதை சொல்லவும் வருமோ அதிலேயே பேசுங்கள்.

கேள்வி: 32 வாரத்தில் பிறந்த பிள்ளை, இப்போது 15 மாதம். எந்த வயதை வைத்துப் பார்ப்பது? (நாகர்கோவில்)

பதில்: எட்டு வாரம் முன்னால் பிறந்திருக்கிறாள், அதனால் 13 மாதப் பிள்ளையாக நினைத்துக்கொண்டு பாருங்கள். இரண்டு வயது வரை இப்படிக் கழித்துத்தான் பார்ப்போம். ஆனால் குறைமாதப் பிள்ளைகளுக்குக் கண், காது, வளர்ச்சிப் பரிசோதனைகளை ஒன்றுகூட விடக் கூடாது, நன்றாக இருக்கிறாளே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: வசம்பு உரசி நாக்கில் தடவினால் பேச்சு வரும் என்கிறார் பாட்டி. நாக்குக்குக் கீழே ஒட்டியிருக்கிறது, வெட்டிவிடலாம் என்கிறார் இன்னொருவர். (விருதுநகர்)

பதில்: பாட்டியின் அக்கறை புரிகிறது, ஆனால் பேச்சு நாக்கில் தடவி வருவதில்லை. வசம்பு அதிகமானால் சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தி, மயக்கம் வரை போயிருக்கிறது. அதைக் குழைத்துத் தடவும் தேனும் ஒரு வயதுக்குள் கூடவே கூடாது. நாக்கு ஒட்டியிருந்தால் பால் குடிக்கச் சிரமம் வரலாம், சில எழுத்துகள் தெளிவில்லாமல் இருக்கலாம், ஆனால் பிள்ளை பேசவே ஆரம்பிக்காததற்கு அது காரணமில்லை. வெட்டிவிட்டால் பேசிவிடுவான் என்று நம்பி அங்கேயே நின்றுவிடாதீர்கள்.

கேள்வி: ஒன்றரை வயது, கால் வளைந்திருக்கிறது, சில சமயம் நுனிக்காலில் நடக்கிறான்.

பதில்: இரண்டு வயது வரை கால் லேசாக வெளிப்பக்கம் வளைந்திருப்பது வழக்கம்தான். ஒரு கால் மட்டும் வளைந்திருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், மணிக்கட்டு தடித்திருந்தால் வைட்டமின் டி குறைபாடு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுனிக்கால் நடை அவ்வப்போது என்றால் பரவாயில்லை. எப்போதும் அப்படியே நடந்தாலோ, பாதத்தை முழுசாக ஊன்றச் சொன்னால் முடியாவிட்டாலோ காட்டுங்கள்.

கேள்வி: தனியாரில் ஒரு வகுப்புக்கே ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். எங்களால் முடியாது. எங்கே போவது? (கள்ளக்குறிச்சி)

பதில்: 2013-இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டங்களில் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் (சுருக்கமாக டி.இ.ஐ.சி.) இருக்கின்றன. பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். "டி.இ.ஐ.சி. எங்கே" என்று குழந்தைகள் பிரிவில் கேளுங்கள். பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் அவர்களே சீட்டு எழுதி அனுப்புவார்கள். சென்னைப் பக்கம் வர முடிந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது.

போகும்போது பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், தடுப்பூசி அட்டை, வீட்டில் பிள்ளை விளையாடும், சாப்பிடும், கூப்பிட்டால் திரும்பும் அல்லது திரும்பாத சில நிமிட வீடியோக்களை எடுத்துப் போங்கள். புது இடத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டே இருப்பார்கள், அந்த வீடியோ எங்களுக்குப் பாதி வேலையைக் குறைத்துவிடும். காலை சாப்பாடு கொடுத்துவிட்டே கூட்டிப் போங்கள், வரிசை நீளமாக இருக்கும்.