ஐப்பசி மழையும் காட்டுச் சோளமும்: கேள்வி பதில்

உடுமலை: மக்காச்சோளம் 52 நாளுங்க, பூ எடுத்துருச்சு. 12 நாளா மழையில்லை. கிணத்துல ஒரு தடவை தண்ணி கட்டத்தான் இருக்குது. இப்பக் கட்டறதா, மழைக்குப் பாக்கறதாங்ண்ணா?

இப்பவே கட்டுங்க. பூவெடுக்கும் இந்த ரெண்டு வாரம்தான் மக்காச்சோளம் வறட்சியைத் தாங்காது. தண்ணி இல்லாட்டியும் ஆண்பூ தன் நாளுக்கு மகரந்தத்தை உதிர்த்துவிடும். கதிரின் பட்டுநூல் மட்டும் பிந்தி வரும். மகரந்தம் தீர்ந்தபின் வந்த நூலுக்கு மணி பிடிக்காது. அடிக்கதிர் நூல் முதலில், நுனி நூல் கடைசியில் வரும். நுனி பொக்கையாவது அதனால்தான். தண்ணி பத்தாதென்றால் ஒரு சால் விட்டு ஒரு சால் கட்டுங்க. 20 நாள் கழித்துப் பெய்யும் பெருமழை இந்தப் பொக்கையை நிரப்பாது.

பொங்கலூர்: கனமழை பெஞ்சா படைப்புழு போயிருமுங்களா?

பொடிப்புழு குருத்துத் தண்ணியில் சாகும், பெரிசு சாகாது. எமாமெக்டின் பென்சோயேட் 5 சதவீதக் குருணை என்ற பூச்சிமருந்து, 10 லிட்டர் தண்ணிக்கு 4 கிராம்; சாயங்காலம், குருத்துக்குள் இறங்கும்படி அடிங்க. இலைமேல் அடிப்பது காசுக்குக் கேடு.

காங்கேயம்: முழங்கால் உயரச் சோளம் வாடிக் கெடந்துச்சு. மழைக்குத் துளிர்த்திருக்குது. மாட்டை அவுத்து விடலாங்களா?

வேண்டவே வேண்டாங்க. வாடிய இளஞ்சோளத்திலும் மழைக்குப்பின் வரும் துளிரிலும்தான் சயனைடு நஞ்சு அதிகம். பசித்த மாடு மேய்ந்த அரைமணிக்குள்ளேயே மூச்சுத் திணறி விழலாம். அப்படி ஆனால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க. சோடியம் தயோசல்பேட் ஊசி உண்டு, தாமதித்தால் பலனில்லை. கதிர் வெளிவந்து, மணி பிடித்தபின் அறுத்து, நன்றாகக் காயவைத்த தட்டாகப் போடுங்க.

கோபி: மார்கழிப் பனியில நெல் இலையில கண்ணு மாதிரி புள்ளி. யூரியா போடலாங்களா?

அது குலைநோய். ஓரம் பழுப்பு, நடு சாம்பல் நிறமா என்று பாருங்க. குளிர்ந்த இரவு, விடிந்தும் காயாத பனி, மிஞ்சிய தழைச்சத்து மூன்றும் சேர்ந்தால் பரவும். யூரியாவை நிறுத்திவிட்டு, ட்ரைசைக்ளசோல் 75 சதவீதத் தூள் என்ற பூஞ்சைமருந்தை 10 லிட்டர் தண்ணிக்கு 6 கிராம் கலந்து அடிங்க. கதிர் வெளிவரும்போது இன்னொரு தடவை அவசியம். கழுத்தில் பிடித்தால் கதிர் வெளுத்துப் பதராகும்.

நாமக்கல், கோழிப்பண்ணை: இங்க மழை நல்லாத்தான் இருக்குது, மக்காச்சோளம் ஏன் ஏறுதுங்க?

விலை நம்ம வானத்தை மட்டும் பார்ப்பதில்லை. கர்நாடகத்தின் தாவணகெரே பக்கத்துச் சரக்கு ஐப்பசியிலும், பீகாரின் ரபி (குளிர்காலப் பயிர்) சரக்கு சித்திரையிலும் வரும். அங்கே அறுவடை நேரத்தில் மழை பிடித்தால் இங்கே தெரியும். எத்தனால் ஆலைகளும் இப்போது போட்டிக்கு வாங்குகின்றன. கோதுமையும் இப்படித்தான்: 2022 மார்ச் வெயிலில் பஞ்சாப் பக்கம் மணி சுருங்கியது, மே 13 அன்று மத்திய அரசு ஏற்றுமதியையே தடுத்தது.

வாங்கும்போது ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கிடங்கில் ஏற்றாதீங்க, பூஞ்சை நஞ்சு சேரும். விற்கிறவர் "முத்தின சரக்கு" என்றால் மணியின் அடிமுனையை நகத்தால் கிள்ளுங்க. கறுப்புப் பொட்டு இருந்தால் முத்தியது, இல்லாட்டி பச்சையில் ஒடித்தது.