காக்காவும் வாத்தும்

பெரியபட்டினத்துத் தம்பிக்கு,

"காக்கா, நாட்டிங்ஹாம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. கிடங்கில் எல்லாரும் மேட், அதாவது நண்பா, என்கிறார்கள். நான் சார் என்றால் சிரிக்கிறார்கள். பள்ளிக்கூட ஆங்கிலத்தை விட்டுவிட்டு அவர்களைப் போலவே பேசட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். இங்கிலாந்திலிருந்து விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருக்கிறேன், எழுத நேரம் இருக்கிறது. முகம் பார்க்காத உன்னை நீ என்று எழுதுகிறேன், ஊர்ப்பிள்ளை என்ற உரிமையில். ஆங்கிலத்தில் இந்தச் சலுகையும் கிடையாது.

நம் பக்கம் அண்ணனைக் காக்கா என்கிறோம். மதுரையில் கல்லூரி விடுதியில் ஒருநாள் தொலைபேசியை எடுத்து "சொல்லுங்கள் காக்கா" என்றேன். அறையே சிரித்து உருண்டது. அதன்பின் ஒரு மாதம், நான் ஜன்னல் பக்கம் வந்தாலே எவனாவது ஒரு பிடி சோறு வைத்துவிட்டுக் கரைவான். அந்தச் சொல்லில் இருக்கும் மரியாதை அவர்களுக்கு எப்படித் தெரியும்? நாட்டிங்ஹாமில் உனக்கு நடப்பதும் இதுதான், பறவை மட்டும் வேறு. பஸ் ஓட்டுநரும் கடைக்கார அம்மாளும் உன்னை 'டக்' என்பார்கள். ஆமாம், வாத்துதான். அன்பாகச் சொல்வது, கோபித்துக்கொள்ளாதே. 'மேட்' என்பதும் அப்படித்தான். மேலாளரைப் பெயர் சொல்லியே கூப்பிடு. நாக்குக் கூச்சம் போக எனக்கு ஆறு மாதம் ஆனது.

ஆனால் ஒன்றில் ஏமாந்துவிடாதே. நாம் மரியாதையை வினைச்சொல்லின் வாலில் கட்டி வைத்திருக்கிறோம். "ஒரு டீ கொடுங்கள்" என்றால் அந்த 'ங்கள்' போதும், தயவுசெய்து என்று தனியாக வேண்டாம். அதையே 'கிவ் மீ எ டீ' என்று மாற்றினால், 'ங்கள்' பாம்பனைத் தாண்டுவதற்குள் கடலில் விழுந்துவிடுகிறது. கடைக்காரர் காதில் விழுவது "டீ கொடு". அங்கே நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே 'யூ'. 'தௌ' என்று ஒரு நீ இருந்தது, 17ஆம் நூற்றாண்டில் பொதுவழக்கிலிருந்து தேய்ந்துபோனது. அதனால் மரியாதையை வாக்கியத்தின் தலையில் ஏற்ற வேண்டியிருக்கிறது: 'குட் (could) ஐ ஹேவ் எ டீ, ப்ளீஸ்'. நண்பனிடம்கூட 'கேன் ஐ' என்றாவது தொடங்கு. சாரை விட்டுவிடலாம், ப்ளீஸை விடக் கூடாது.

நான் பட்டதைச் சொல்கிறேன். சேர்ந்த புதிதில் கண்காணிப்பாளர் என்னருகில் வந்து, 'யூ மைட் வான்ட் டு செக் தோஸ் லேபிள்ஸ்' என்றார். வேண்டுமானால் பார்த்துக்கொள் என்கிறார், எனக்கு வேண்டாம் என்று பெட்டிகளை அடுக்கிக்கொண்டே இருந்தேன். மாலையில் நாற்பது பெட்டிகளை இறக்கி, ஒட்டியதைக் கிழித்து மறுபடி ஒட்டினேன். அது உத்தரவு! குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை. கரையில் மீன் ஏலக்காரர் போடும் சத்தத்தில் வளர்ந்த காதுக்கு அது உத்தரவாகவே கேட்கவில்லை. இன்னொரு பொறி 'வுட் யூ மைண்ட்', அதாவது 'உனக்கு ஆட்சேபம் உண்டா'. கதவை மூடச் சொல்லி அப்படிக் கேட்கிறவரிடம் 'யெஸ்' என்றால், மூடமாட்டேன் என்று ஆகிவிடும். 'ஷ்யூர்' என்று சொல்லி மூடிவிடு.

மின்னஞ்சலில் 'ரெஸ்பெக்டட் சார்', 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' இரண்டையும் இராமநாதபுரம் பஸ் நிலையத்திலேயே இறக்கிவிட்டுப் போயிருக்க வேண்டும். 'ஹலோ' என்று பெயரைப் போட்டுவிட்டு விஷயத்துக்கு வா. கிடங்கில் நாலு சொல்லுக்கு ஒரு கெட்ட வார்த்தை விழும், அதை மட்டும் எடுத்துக்கொள்ளாதே. அவர்கள் சொன்னால் விளையாட்டு, நாம் சொன்னால் சண்டை.

நீயும் திருப்பி 'டக்' என்று அழைக்கலாமா என்றுதான் அடுத்து கேட்பாய். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரே ஒருமுறை, ரொட்டிக்கடையில் சொல்லிப் பார்த்தேன். அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, எனக்கு எந்த ஊர் என்று கேட்டார்.