மகன் ஹார்பாவைக் காட்டுகிறான்

கேள்வி: நாங்கள் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கிறோம். என் மகன் நான்கு ஆண்டுகளாகக் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்தான். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் இடத்துக்கு மாற்று வீரனாக, பெரும்பாலும் வெளியேதான் உட்கார்ந்திருந்தான். தொழில்முறை அணி எதுவும் அவனை அழைக்கவில்லை. இப்போது படித்த படிப்புக்கு வேலை தேடாமல், ஒரு சிறிய கல்லூரியில் பயிற்சியாளருக்கு உதவியாளனாகச் சேரப் போகிறேன் என்கிறான். சம்பளம் அறை வாடகைக்கே போதாது. கேட்டால், "மிச்சிகன் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஜிம் ஹார்பாவைப் பாருங்கள்" என்கிறான். அவன் அப்பா பேச்சையே நிறுத்திவிட்டார். நான் என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகன் காட்டும் ஆளில் தவறில்லை. அவருடைய வாழ்க்கையின் எந்தப் பகுதியைக் காட்டுகிறான் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். 2024 ஜனவரி 8 அன்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை 34-13 என்று வென்று, அந்தப் பருவத்தின் 15 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் அவருடைய மிச்சிகன் அணி தேசியப் பட்டம் பெற்ற இரவு அவன் கண்ணில் நின்றால், அதை வைத்து எந்த முடிவும் எடுக்க வேண்டாம் என்பேன். (அந்த மாநிலத்தில் வளர்ந்த பிள்ளையின் கண்ணில் வேறு எது நிற்கும் என்பது வேறு விஷயம்.)

தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுக்கும் 1987-ஆம் ஆண்டுத் தேர்வில், ஹார்பாவை சிகாகோ பேர்ஸ் அணி முதல் சுற்றிலேயே எடுத்தது. அதன் பிறகு பல அணிகளுக்காகப் பதினான்கு பருவங்கள் ஆடினார். அப்படி ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1994 முதல், தம் தந்தை ஜாக் ஹார்பா தலைமைப் பயிற்சியாளராக இருந்த வெஸ்டர்ன் கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு ஊதியம் இல்லாத உதவிப் பயிற்சியாளராகவும் இருந்து, பள்ளி மாணவர்களைத் தேடிப் பேசி அணிக்குச் சேர்த்தார். தொழில்முறை வீரர் ஒருவர் சம்பளம் வாங்காமல் செய்த அந்த வேலைதான் அவர் தொழில் பழகிய இடம் என்று நான் நினைக்கிறேன். ஓய்வுக்குப் பின் ஓக்லாந்து ரைடர்ஸ் அணியில் இரண்டு ஆண்டுகள் துணைப் பயிற்சியாளராக இருந்துவிட்டு, 2004-இல் அவர் தலைமை ஏற்றது விளையாட்டு உதவித்தொகையே வழங்காத சான் டியாகோ பல்கலைக்கழக அணியை. அங்கே மூன்று பருவங்களில் 29 வெற்றி, 6 தோல்வி. அதன் பிறகுதான், முந்தைய பருவத்தில் ஒரே ஓர் ஆட்டத்தை வென்றிருந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக அழைத்தது.

ஆனால் உங்கள் மகன் ஹார்பா அல்ல என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவருக்குத் தந்தை பயிற்சியாளர், அண்ணன் ஜான் பயிற்சியாளர். தொழில்முறை ஆட்டத்தில் சம்பாதித்த பெயரும் பணமும் கையில் இருந்தன. ஊதியமில்லா வேலையை அப்படிப்பட்டவர் ஏற்பதும், உங்கள் பிள்ளை ஏற்பதும் ஒன்றாகாது. அவர் உச்சத்தில் இருந்த 2023 பருவத்திலேயே மாணவர் சேர்ப்பு விதிமீறல், எதிரணி தன் ஆட்டத் திட்டத்தைச் சொல்லும் சைகைகளைத் திருடிய விவகாரம் ஆகியவற்றால் மொத்தம் ஆறு ஆட்டங்களுக்கு ஒதுக்கி வைக்கப்பட்டார் என்பதையும் பையனுக்கு நினைவூட்டலாம்.

அவன் பார்க்க வேண்டியவர் வேறொருவர். 2007 அக்டோபரில் ஹார்பாவின் ஸ்டான்ஃபோர்ட் அணி லாஸ் ஏஞ்சலஸ் சென்று தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தை எதிர்கொண்டபோது, 41 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்கும் என்பதே பந்தயக்காரர்களின் கணிப்பு. வழக்கமான குவாட்டர்பேக் உடல்நலக் குறைவால் ஆட முடியாததால், தவிட்டா ப்ரிட்சர்ட் என்ற மாற்று வீரர் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினார். ஆட்டம் முடிய 49 விநாடிகள் இருக்கையில், நான்காவது முயற்சியில், அது தவறினால் பந்தே கைமாறிவிடும் என்ற நிலையில், அவர் எறிந்த பந்தைச் சக வீரர் மார்க் பிராட்ஃபோர்ட் பிடித்தார். ஸ்டான்ஃபோர்ட் 24-23 என்று வென்றது. ஆனாலும் 2009-இல் அந்த இடம் ஆண்ட்ரூ லக் என்ற இளைய வீரருக்குப் போனது, ப்ரிட்சர்ட் மறுபடியும் வெளியே உட்கார்ந்தார். அதற்கடுத்த ஆண்டு அதே கல்லூரியின் பயிற்சிக் குழுவில் அடிமட்டத்தில் சேர்ந்து, 2018-இல் தாக்குதல் ஆட்டத்தின் ஒருங்கிணைப்பாளராகி, 2023-இல் வாஷிங்டன் கமாண்டர்ஸ் என்ற தொழில்முறை அணிக்கு குவாட்டர்பேக் பயிற்சியாளராகச் சென்றார். வெளியே உட்கார்ந்திருந்தவன் ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருப்பான். உங்கள் மகனும் பார்த்திருக்கிறானா என்று நீங்கள்தான் கேட்டறிய வேண்டும்.

எப்படிக் கேட்பது என்கிறீர்களா? வேலை என்ன என்று கேளுங்கள். அந்த நிலையில் இருப்பவர்கள் நள்ளிரவு தாண்டியும் ஆட்டப் பதிவுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து வைப்பார்கள். எதிரணி எப்படி நிற்கும், எங்கே ஓடும் என்பதை அட்டை அட்டையாக வரைந்து மறுநாள் பயிற்சிக்குக் கொண்டு போவார்கள். கல்லூரியைப் பார்க்க வரும் பள்ளி மாணவனை விமான நிலையத்திலிருந்து அழைத்து வருவார்கள். இதையெல்லாம் அவன் முகம் சுளிக்காமல் விவரித்தால் அனுப்பலாம். ஆட்டத்தை விட்டுப் பிரிய மனமில்லாமல் மட்டும் போகிறான் என்றால், இரண்டு பருவங்களுக்குள் அவனே திரும்பி வந்துவிடுவான்.

முதுகலைப் படிப்போடு சேர்ந்த உதவியாளர் இடங்கள் பல கல்லூரிகளில் உண்டு. அவற்றில் படிப்புக் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்பது வழக்கம். அப்படிப்பட்ட இடம்தானா, கட்டணத்தில் எவ்வளவு தள்ளுபடி, மருத்துவக் காப்பீடு உண்டா என்பவற்றை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். வாங்கிய பின், அவன் அப்பாவிடம் சம்பளத் தொகையைக் காட்டுவதற்கு முன்னால், தள்ளுபடியாகும் கட்டணம் எழுதியிருக்கும் பக்கத்தைக் காட்டுங்கள்.