திவால் மனுவுக்கு முன்னால் உன் போன் நம்பரைப் பத்திரப்படுத்து, தம்பி

பாலக்கோடு பக்கத்துத் தம்பி ஒருவன் கேட்டிருக்கிறான். ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குப் போனவன். பகுதிநேர வேலை போய்விட்டது. ஊரில் தக்காளி விலை விழுந்தபோது அப்பாவுக்குக் கடன் வாங்கி அனுப்பிய பணம், அங்கே தவணையில் எடுத்த சாமான்கள், வங்கிக் கடன் எல்லாம் சேர்ந்து கழுத்தை நெரிக்கிறது. கடன் ஆலோசனை மையத்தில் தனிநபர் திவாலுக்கு மனு போடச் சொல்கிறார்கள். அவன் பெயரில் இரண்டு மொபைல் ஒப்பந்தம், அதில் ஒன்று நண்பனுக்காக எடுத்தது. மனு போட்டால் போன் நின்றுவிடுமா, நம்பர் போய்விடுமா என்று கேட்கிறான். வீட்டில் சொல்லலாமா, பேசாமல் ஊருக்குக் கிளம்பிவிடலாமா, ராகி மாவு எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறான்.

தம்பி, நான் இப்போது விடுமுறைக்குக் காவேரிப்பட்டணம் வந்திருக்கிறேன். மாங்கூழ் ஆலைக்குப் போகிற லாரிச் சத்தத்துக்கு நடுவே உன் கேள்வியைப் படித்தேன். ராகி மாவு ஈழத்தமிழர் கடைகளில் கிடைக்கும். அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை. போன் விஷயம் அப்படியில்லை. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அடிபட்ட பிறகுதான் தெரிகிறது.

முதலில், நம்பரையும் ஒப்பந்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. கடன் ஒப்பந்தத்தின் மேல்தான். நம்பர் உன்னுடையது. வங்கியில் பணம் அனுப்ப ஒப்புதல், வேலைக்குக் கூப்பிடுகிறவர், ஆலோசகர், வெளிநாட்டவர் அலுவலகம், ராத்திரி கூப்பிடுகிற அம்மா, எல்லாம் அந்த ஒரு நம்பரில்தான் இருக்கிறது. திவால் நேரத்தில் அது செத்தால் கடிதம் தவிர வேறு வழியில்லாமல் போகும். ஒப்பந்தக் காலம் முடியாவிட்டாலும் நம்பரை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள அங்கே சட்டம் இடம் தருகிறது, அதற்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே மனு போடும் முன்னாலேயே ஒரு மலிவான ப்ரீபெய்ட் சிம்முக்கு நம்பரைக் கொண்டுபோய்விடு. ப்ரீபெய்டுக்கு ஷூஃபா (யார் கடனை ஒழுங்காகக் கட்டுகிறார்கள் என்று கணக்கு வைக்கிற ஜெர்மன் நிறுவனத்தின் பதிவு) பார்க்க மாட்டார்கள். 2017 ஜூலையிலிருந்து அடையாளச் சான்று சரிபார்ப்பு மட்டும் கட்டாயம், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஒன்றை மறக்காதே: நம்பர் போனாலும் பழைய ஒப்பந்தம் முடிவதில்லை, மாதக் கட்டணம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அதை எழுத்தில் ரத்து செய்வது தனி வேலை. 2021 டிசம்பரிலிருந்து, முதல் ஒப்பந்தக் காலம் முடிந்து தானாக நீண்ட ஒப்பந்தத்தை ஒரு மாத முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம். உன் இரண்டு ஒப்பந்தங்களும் எந்தத் தேதியில் தொடங்கின என்று முதலில் பார்.

அடுத்தது பாக்கி. நீதிமன்றம் திவால் நடவடிக்கையைத் தொடங்குகிற நாள்தான் எல்லைக்கோடு. அதற்கு முந்தைய பாக்கி மற்றக் கடன்களோடு பட்டியலில் சேரும். அதற்குப் பிறகு வருகிற பில் உன்னுடையது, ஒழுங்காகக் கட்டியாக வேண்டும். 3 வருஷம் கழித்துக் கிடைக்கிற கடன் விடுதலை, அதாவது மிச்சக் கடன் ரத்து, புதுக் கடனைத் தொடாது. 2020 அக்டோபர் 1-க்கு முன்னால் மனு போட்டவர்கள் பலர் 6 வருஷம் காத்திருந்தார்கள். உங்கள் காலத்துக்கு அது பாதியாகிவிட்டது.

பாக்கி 100 யூரோவைத் தொட்டால், இரண்டு வாரம் முன்னதாக எழுத்தில் எச்சரித்துவிட்டு, இணைப்பை நிறுத்த நிறுவனத்துக்கு உரிமை உண்டு. நிறுத்திய பிறகும் அடிப்படைக் கட்டணம் ஏறும். இதனால் பயந்துபோய், மற்றவர்களுக்கு ஒன்றும் தராமல், கையிலிருக்கிற கடைசிக் காசைப் போன் நிறுவனத்துக்கு மட்டும் கட்டிவிடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். மனுவுக்கு முந்தைய மாதங்களில் ஒருவருக்கு மட்டும் கட்டிய பணத்தைத் திவால் நிர்வாகி திரும்பக் கேட்கக்கூடும். ஆலோசகரைக் கேட்காமல் யாருக்கும் தனியாக எதையும் கட்டாதே.

நண்பனுக்கு எடுத்த ஒப்பந்தத்துக்கு வருகிறேன். என் மனம் கொதிப்பது இதில்தான். நம் ஆட்களில் ஒரு கூட்டம் இருக்கிறது. புதிதாக வந்த பையனிடம் "உன் ஷூஃபா சுத்தமாக இருக்கு, எனக்கு ஒரு போன் எடுத்துக் கொடு, மாசாமாசம் காசு தந்துவிடுகிறேன்" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்கள். ஊரில் மகளிர் குழுக் கடனுக்குக் கூடக் குழுவில் பத்துப் பேருக்கு யார் வாங்கினார்கள் என்று தெரியும். ஜெர்மனியில் கையெழுத்துப் போட்டவன் மட்டும்தான் கடன்காரன், பேசியவன் காற்றோடு போய்விடுவான். என்னோடு ஒரே வீட்டில் இருந்த ஒருவன் இப்படிப் பல பேர் தலையில் போனை ஏற்றிவிட்டு ஒருநாள் வேறு நாட்டுக்குப் போய்விட்டான். அந்தப் பையன்கள் கட்டினார்கள்.

வெட்கப்பட்டு அந்த இரண்டாவது ஒப்பந்தத்தை மறைத்துவிடாதே. மனுவில் நீ கடன் பாக்கி வைத்திருக்கிற எல்லாருடைய பெயரும் இருக்க வேண்டும். தெரிந்தே விட்டால் கடன் விடுதலையே மறுக்கப்படலாம். நண்பனிடம் வாட்ஸ்அப்பில் நடந்த பேச்சை அழிக்காமல் வை, ஆலோசகரிடம் காட்டு.

இந்தச் சமயத்தில் புது போனை ஒப்பந்தத்தில் எடுக்காதே. "வேறு ஒரு கம்பெனியில் தருகிறார்கள், திவாலில் எல்லாம் சேர்ந்து போய்விடும்" என்று யாராவது சொன்னால் அவன் வீட்டுப் பக்கம் போகாதே. கட்ட முடியாது என்று தெரிந்தே எடுத்தால் அது மோசடியாகப் பார்க்கப்படும். அப்படி வந்த கடனைத் திவால் துடைக்காது. நடவடிக்கைக் காலத்திலும் தேவையில்லாத புதுக் கடன் வாங்கினால் விடுதலை கெடும். மனைவி பெயரில், அறைத்தோழன் பெயரில் எடுப்பதும் வேண்டாம், அது இன்னொருவரைக் கிணற்றில் இழுக்கிற வேலை.

நான் போன புதிதில் வெறும் சிம் கேட்டுக் கடைக்குப் போன என்னிடம், நான் கேட்காத ஒரு சாதனத்துக்கும் சேர்த்து 24 மாதக் கையெழுத்து வாங்கினார்கள். கடையில் நேரில் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற 14 நாள் உரிமை கிடையாது. ஆன்லைனிலோ போனிலோ எடுத்தால்தான் உண்டு. இப்போது கையெழுத்துக்கு முன் ஒப்பந்தச் சுருக்கத்தைக் கையில் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, எங்கள் காலத்தில் அதுவும் இல்லை. அந்த ஒப்பந்தத்தால் வந்த கடிதங்களை எனக்குப் படித்துச் சொன்னவர் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணர். எண்பதுகளில் ஒன்றுமில்லாமல் வந்து, உணவகச் சமையலறையில் நின்று பிள்ளைகளை ஆளாக்கியவர். ஜெர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சியம்மன் கோயில் 2002-இல் எழும்பியபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "தம்பி, கடிதத்தைத் திறக்காம வைக்கக்கூடாது" என்பார். தேதிவாரியாகக் கோப்பில் போட்டு வைக்க அவர்தான் பழக்கினார். இன்றுவரை எங்கள் வீட்டு அலமாரியில் வருஷத்துக்கொரு கோப்பு நிற்கிறது. ஜெர்மன்காரனே பார்த்து மெச்சுகிறான், அதில் எனக்குப் பெருமைதான்.

மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் அன்றைக்கே திற. நீதிமன்றத்தின் கடன் அறிவிப்பாக இருந்தால், தொகை தவறு என்று மறுக்க இரண்டு வாரம்தான் அவகாசம். அதை விட்டால் அடுத்த உத்தரவு வரும், அதற்கும் இரண்டு வாரம். அதுவும் போனால் அந்தக் கடன் 30 வருஷம் உயிரோடு இருக்கும். ஊருக்கு ஓடிவிடலாமா என்று கேட்டாயே, அதற்கு இதுதான் பதில். பத்து வருஷம் கழித்து நல்ல வேலையோடு திரும்பி வந்தால் அது விமான நிலையத்துக்கு வராது, ஆனால் உன் சம்பளத்தைத் தேடி வரும்.

மியூனிக்கில் பெரிய சம்பளத்தில் இருக்கிற நம் மாவட்டத்துக்காரர்கள் சிலர் திவால் என்றால் குடும்ப மானம் போன மாதிரி பேசுவார்கள். ஓசூர் தொழிற்சாலை அனுபவத்தோடு நேராக நிறுவனத்தில் சேர்ந்தவர்களுக்கு, மாதக் கடைசியில் சிம்மில் காசில்லாமல் நின்ற அனுபவம் கிடையாது. நம் பக்கம் மீட்டர் வட்டியில் நிலம் போன குடும்பங்களைப் பார்த்தவன் நான். சட்டத்தின் முன்னால் கணக்கு வைத்து, கட்ட முடிந்ததைக் கட்டி, மிச்சத்திலிருந்து வெளியே வருவதில் என்ன அவமானம்? கடன் விடுதலை கிடைத்த ஆறு மாதத்தில் ஷூஃபாவிலிருந்து அந்தப் பதிவும் போய்விடும், 2023 மார்ச்சுக்கு முன்னால் மூன்று வருஷம் நின்றது.

வீட்டில் சொல்வது உன் விருப்பம். நானாக இருந்தால் அப்பாவிடம் சொல்வேன், நீ பணம் அனுப்புவாய் என்று அவர் எதிர்பார்ப்பது நிற்குமே. ஆலோசனை மையம் காரித்தாஸ், டியாகோனி என்கிற தேவாலயத் தொண்டு அமைப்புகள் போன்ற இலவச இடம்தானா என்று பார்த்துக்கொள். காசு கேட்கிற "கடன் தீர்ப்பவர்" என்றால் எழுந்து வந்துவிடு. அடுத்த முறை போகும்போது இரண்டு ஒப்பந்தத்தின் நகலும் கடைசி பில்லும் கொண்டுபோ. நம்பரை மாற்றிய பிறகு, வங்கிச் செயலி புது சிம்மில் வேலை செய்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டு மனுவில் கையெழுத்துப் போடு.