கேள்வி நேரம்: மலையூரில் ஒரு சைக்கிள் பந்தயம்

போன இதழில், இத்தாலியின் தஸ்கனிப் பகுதியில் ஒரு சின்ன மலையூரில் நடந்த அமெச்சூர் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கேள்விகள் அந்த அரைப் பக்கத்தைவிட ரொம்ப நீளம். முடிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: அது பந்தயமா, ஜாலியாக ஊர் சுற்றுவதா? போட்டி என்கிறீர்கள், ஜெயித்தது யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது என்றும் எழுதுகிறீர்கள். எது சரி?

இரண்டும் சரி. இத்தாலிக்காரர்கள் இதை கிரான்ஃபோந்தோ என்கிறார்கள். ஒரே சாலையில், ஒரே காலையில், இரண்டு மூன்று வேறு வேறு காரியங்கள் நடக்கும். முன்னால் நூறு இருநூறு பேர் காலில் முடியை மழித்துக்கொண்டு, சாப்பாட்டை எடை போட்டுச் சாப்பிட்டு, நிஜமாகவே ஒருவரை ஒருவர் முந்தத்தான் வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் வரும் பெருங்கூட்டத்துக்கு எதிரி அடுத்த ஆள் இல்லை, போன வருஷத்துத் தன்னுடைய நேரம். ஆபீஸ் நண்பனை இந்த முறையாவது முந்திவிட வேண்டும் என்று வருகிறவர்களும் அதில் அடக்கம். நம்பர் அட்டையோடு சிப் கொடுத்துவிடுவதால், முதல் ஆளுக்கும் மூவாயிரமாவது ஆளுக்கும் வினாடி சுத்தமாக நேரம் பதிவாகிவிடும்.

இந்த வகையில் பழையது நோவே கோல்லி, அதாவது ஒன்பது குன்றுகள். 1971-இல் தொடங்கியது. கிளம்புவது செசெனாத்திகோ என்ற கடற்கரை ஊரில், சைக்கிள் வீரர் மார்கோ பந்தானியின் ஊர் அது. 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி, ஒன்பது குன்றையும் ஏறி இறங்கி, மறுபடி கடலுக்கே வந்து சேர வேண்டும்.

கேள்வி: நான் பொலோன்யாவில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறேன். நண்பர்கள் ஒரு கிரான்ஃபோந்தோவுக்குக் கூப்பிடுகிறார்கள். பெயர் கொடுக்கப் போனால் டாக்டர் சான்றிதழ் கேட்கிறார்கள். எனக்கு 34 வயது, ஒரு மாத்திரைகூடப் போடுவதில்லை. இதெல்லாம் பணம் பிடுங்கும் வேலைதானே?

கோபம் புரிகிறது. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நான் இத்தாலிக்காரர்கள் பக்கம். போட்டி விளையாட்டில் இறங்குகிறவர் யாராக இருந்தாலும் மருத்துவப் பரிசோதனை செய்தே ஆக வேண்டும் என்று அங்கே 1982-லேயே சட்டபூர்வமாக ஆக்கிவிட்டார்கள். குடும்ப டாக்டர் எழுதித் தரும் சாதாரணச் சீட்டு இதற்குச் செல்லாது, விளையாட்டு மருத்துவர்தான் தர வேண்டும். படுக்க வைத்து ஒரு ஈ.சி.ஜி., உடலை உழைக்க வைத்து இன்னொன்று, மூச்சுச் சோதனை, சிறுநீர்ச் சோதனை, அவ்வளவுதான். ஒரு வருஷம் செல்லும்.

பலன் உண்டா என்றால், உண்டு. இத்தாலியின் வெனெத்தோ பகுதியில் 12 முதல் 35 வயது வரையுள்ள விளையாட்டு வீரர்களை 1979-இலிருந்து 2004 வரை கவனித்த ஓர் ஆய்வு 2006-இல் வெளியானது. அவர்களிடையே திடீர் இதய மரணம் 89 சதவீதம் குறைந்திருந்தது. இறந்தவர்களில் பலருக்கு முன்கூட்டியே எந்த அறிகுறியும் கிடையாது, உங்களைப் போலவே மாத்திரை போடாதவர்கள்தான். அதனால் முணுமுணுத்துக்கொண்டே போய் எடுத்துவிடுங்கள். சான்றிதழோடு ஏதாவது ஒரு சங்கத்தின் உறுப்பினர் அட்டையும் கேட்பார்கள். உங்கள் நண்பர்களின் கிளப்பிலேயே கேட்டுப் பாருங்கள், அதுதான் சுலபம்.

கேள்வி: சமதளத்தில் 60 கிலோமீட்டர் சர்வசாதாரணமாக ஓட்டுவேன். மலையூர்ப் பந்தயம் அவ்வளவு கஷ்டமா?

கணக்காகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் எடை 75 கிலோ, சைக்கிள் 8 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 8 சதவீத ஏற்றம் என்றால் நூறு மீட்டர் போவதற்குள் 8 மீட்டர் மேலே ஏறுகிறீர்கள். அதில் 200 வாட் சக்தியை விடாமல் போட்டாலும் (பழக்கம் இல்லாதவருக்கு அது பெரிய விஷயம்) வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர் சுமார்தான். சமதளத்தில் நீங்கள் சண்டை போடுவது காற்றோடு, நாலு பேர் பின்னால் ஒளிந்துகொண்டால் பாதி வேலை மிச்சம். ஏற்றத்தில் சண்டை உங்கள் எடையோடு, யார் பின்னால் போய் ஒளிவது?

அங்கேதான் கியர் உயிரைக் காப்பாற்றும். மிதியோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 34 பல், பின்சக்கரத்தில் இருப்பதில் 28 பல் என்றால் அந்த வேகத்தில் நிமிஷத்துக்கு 65 மிதிதான் வரும், முட்டி கதறும். பின்னால் 34 பல் போட்டால் கிட்டத்தட்ட 80 மிதி, மூச்சு வாங்கும், ஆனால் கால் பிழைத்துவிடும். கடையில் "வீரர்கள் இவ்வளவு பெரிய பல்சக்கரம் போட மாட்டார்கள்" என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நீங்கள் வீரர் இல்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டியவர்.

ஆனால் எனக்கு ஏற்றம் பயமில்லை, இறக்கம்தான் பயம். ஏற்றத்தில் விழுந்தால் மானம் மட்டும்தான் போகும். இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு வரும்போது பிரேக்கை வளைவுக்கு முன்னாலேயே பிடித்து விட்டுவிட வேண்டும், உள்ளே போன பிறகு பதறிப் பிடித்தால் டயர் வழுக்கும். கண் வளைவின் கடைசியைப் பார்க்க வேண்டும், பள்ளத்தைப் பார்த்தால் சைக்கிளும் பள்ளத்துக்குத்தான் போகும்.

கேள்வி: காலை முழுக்க சாலையை அடைத்தால் ஊர்க்காரர்கள் சும்மா விடுவார்களா?

திட்டுவார்கள், கையையும் ஆட்டிக் காட்டுவார்கள். ஆனால் நாள் முழுக்க அடைப்பதில்லை. முன்னால் சிவப்புக் கொடியோடு ஒரு கார் போகும், "பந்தயம் ஆரம்பம்" என்று எழுதியிருக்கும். கடைசியில் பச்சைக் கொடியோடு "பந்தயம் முடிவு" கார். நடுவில்தான் சாலை உங்களுடையது. பச்சைக் கொடி உங்களைத் தாண்டிப் போய்விட்டால் நீங்கள் பந்தயக்காரர் இல்லை, சாதாரண சைக்கிள்காரர், சிக்னலில் நிற்க வேண்டும். அப்புறம், பாஸ்தா வேகவைப்பவரும் முச்சந்தியில் விசில் ஊதுபவரும் அந்த ஊர்க்காரர்கள்தான். ப்ரோ லோக்கோ என்று பல ஊர்களிலும் ஒரு தொண்டர் சங்கம் உண்டு, கோயில் திருவிழாவானாலும் சைக்கிளானாலும் அதே ஆட்கள், அதே பெரிய அண்டா.

கேள்வி: பரிசு என்ன?

நான் பார்த்த பந்தயத்தில் ஒரு முழுப் பன்றித்தொடை. உப்பில் பதப்படுத்தியது. ஜெயித்தவர் அதைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்.

கேள்வி: பன்றித்தொடைக்காக ஊக்கமருந்து போடுவார்களா என்ன?

சிரிக்காதீர்கள், போட்டிருக்கிறார்கள். அமெச்சூர்களிடமும் சோதனை நடக்கிறது, ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஈ.பி.ஓ. வரைக்கும் சிக்கியிருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் 376-ஆம் எண் சட்டத்திலிருந்தே இத்தாலியில் ஊக்கமருந்து கிரிமினல் குற்றம்.

கேள்வி: பழைய சைக்கிளில் மட்டும் ஓட்டும் பந்தயம் ஒன்று இருக்கிறதாமே?

லெரோயிகா. தஸ்கனியின் கியாந்திப் பகுதியில் காயோலே என்ற சின்ன ஊர், அக்டோபர் முதல் ஞாயிறு. 1997-இல் ஜான்கார்லோ ப்ரோச்சி தொடங்கியபோது 92 பேர்தான் வந்தார்கள். அங்குள்ள வெள்ளை மண் சாலைகளைத் தார் விழுங்கிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய எண்ணம். சைக்கிள் 1987-இலோ அதற்கு முன்போ செய்ததாக இருக்க வேண்டும், கியர் நெம்புகோல் சைக்கிள் சட்டகத்தின் கீழ்க்குழாயில், மிதியில் காலைக் கட்டத் தோல்வார், பிரேக் கேபிள் கைப்பிடிக்கு வெளியே வளைந்து வர வேண்டும். நீளமான பாதை 209 கிலோமீட்டர். அதற்குப் போகிறவர்கள் இருட்டிலேயே கிளம்பி, விளக்கு வைத்த வழியில் ப்ரோலியோ கோட்டைக்கு ஏறுவார்கள். கறாராகச் சொன்னால் அது பந்தயமே இல்லை. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது, ஒவ்வொரு சாவடியிலும் அட்டையில் முத்திரை, கூடவே ரொட்டியும் அவரையும் போட்ட சூப், ஒயின்.

கேள்வி: எல்லாம் சொல்கிறீர்கள், நீங்கள் ஓட்டியதுண்டா?

ஒரு முறை, குறைந்த தூரப் பாதையில். ஆரம்பப் பத்து கிலோமீட்டர் லேசான இறக்கம், காலில் றெக்கை முளைத்த மாதிரி இருந்தது, என்னைவிட நல்லவர்களோடு ஒட்டிக்கொண்டு பறந்தேன். இரண்டாவது ஏற்றத்தில் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். கடைசியாக வரும் வண்டிக்கு அங்கே விளக்குமாறு என்றே பெயர், பொறுக்கி எடுத்துக்கொண்டு போவதால். ஓட்டுநர் ஒன்றும் பேசவில்லை, சைக்கிளைப் பின்னால் ஏற்றினார், விதிப்படி என் நம்பர் அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார். பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர் போல, அட்டையின் அடியில் இருந்த பாஸ்தாக் கூப்பனை மட்டும் கவனமாகக் கிழித்து என் கையில் கொடுத்தார்.