ஏரிக்கரைத் தெருவிலிருந்து பதில்கள்

திருவல்லிக்கேணியில் இரண்டு சின்ன அறைகளில் ஐந்து பேர் இருக்கிறோம். தாம்பரத்தை அடுத்த முடிச்சூர் பக்கம் என் கணவர் ஒரு தனி வீடு பார்த்திருக்கிறார். அமைதியான தெரு, பிள்ளைகள் விளையாட இடம் இருக்கிறது என்கிறார். நீங்கள் மாடம்பாக்கத்தில் பல வருடமாக இருப்பவர். துணிந்து போகலாமா?
- வாசகி, திருவல்லிக்கேணி

வீட்டை எந்த மாதம் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே அம்மா! சித்திரை வெயிலில் பார்த்திருந்தால் அது கணக்கில் சேராது. ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்த மறுநாள் காலை, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் ஒரு நடை நடந்துவிட்டு வாருங்கள்.

2015 டிசம்பர் முதல் தேதி பிடித்த மழையில் தாம்பரத்தில் மட்டும் ஒரே நாளில் 49 செ.மீ. பதிவானது. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டார்கள். "அது செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால் வந்தது, இனிமேல் வராது" என்று புரோக்கர் சொன்னால் தலையாட்டாதீர்கள். செம்பரம்பாக்கத்து உபரி நீர் அடையாற்றில் சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்குத் தென்மேற்கே, ஆறு வருகிற வழியில் இருக்கிறது. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் தண்ணீர். அப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள். ஆனாலும் தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் வேறு. உங்கள் தெரு எப்படி என்று இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். அவருக்கு விற்க வீடு எதுவும் இல்லை.

வில்லங்கச் சான்று எல்லாரும் வாங்கிப் பார்க்கிறார்கள். அந்த மனை முன்பு ஏரியாக இருந்ததா என்று அதில் தெரியாது. கிராமத்து நிலங்களின் வகையைக் குறித்து வைத்திருக்கும் அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நிலத்தை அளந்து வரைந்த புலப்படத்தையும் வாங்கி, வாய்க்கால் ஏதாவது உங்கள் சமையலறை வழியாகப் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் தாராளமாகப் போகலாம். நாங்கள் 1999இல் மயிலாப்பூரிலிருந்து வந்தோம். முதல் வாரம் என் மாமியாருக்குத் தூக்கமே வரவில்லை. "யாராவது சண்டையாவது போடக்கூடாதா" என்றார். மழை வந்ததும் தவளைகள் அந்தக் குறையைத் தீர்த்து வைத்தன. கூடவே கழிவுநீர்த் தொட்டியும் பொங்கியது. பாதாளச் சாக்கடை வந்துவிட்டதா என்று கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். என் பையன் எங்கள் தெருவில்தான் சைக்கிள் கற்றான். கல்லூரிக்குப் போனதும், ராத்திரி எட்டரைக்குக் கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோவுக்கு நின்று நின்று, இதே தெருவைத் திட்டவும் செய்தான்.

அமைதிக்காகப் புறநகருக்கு வந்தோம். ஆடி பிறந்தால் காலை ஐந்துக்கே ஒலிபெருக்கி அலறுகிறது. குழந்தைகளுக்குப் பரீட்சை. சட்டத்தில் இடமில்லையா?
- வாசகர், பெருங்களத்தூர்

இருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. திருவிழாக்களுக்காக வருடத்தில் 15 நாள் வரை அரசு சலுகை கொடுக்கலாம். அதுவும் நள்ளிரவு 12 வரைதான். உங்கள் ஐந்து மணிக்கு எந்தச் சலுகையும் இல்லை. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்று அளவும் வைத்திருக்கிறார்கள்.

ஆக, போலீசுக்குப் போகலாம். நான் போகவில்லை. கூழ் ஊற்றுவதற்கு முதல் நாள் இரண்டு கிலோ கேழ்வரகு மாவோடு கோயிலுக்குப் போய், "குழாயைக் கொஞ்சம் ஏரிப் பக்கம் திருப்பி வைங்கப்பா" என்றேன். சத்தத்தைக் குறைக்கவில்லை. ஆனால் திருப்பி வைத்தார்கள். ஏரியில் நீந்தும் நாமக்கோழிகள் என்ன நினைத்தனவோ!

பக்கத்திலேயே விமானப்படைத் தளம். உங்கள் மாடம்பாக்கம் மட்டும் அமைதியான ஊரா?
- வாசகர், குரோம்பேட்டை

பயிற்சி விமானம் தலைக்கு மேல் சுற்றும்போது போனில் "அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவோம். எங்கள் சம்பந்தி வீட்டார் போன் செய்தால் மட்டும் விமானம் கொஞ்சம் அதிகமாகவே சுற்றும்.

மனை வாங்கும்போது பூங்கா என்று காட்டிய இடத்தில் இப்போது பெரியவர்கள் கார் நிறுத்துகிறார்கள். பிள்ளைகளைத் தெருவுக்குத் துரத்துகிறார்கள். கேட்டால் குடியிருப்போர் சங்கத்து இடம் என்கிறார்கள்.
- வாசகி, சேலையூர்

சங்கத்து இடமாக இருக்க வாய்ப்பு குறைவு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட்டு, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அங்கீகரித்த மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்கா என்று குறித்திருக்கும். அதன் நகலையும், கார்கள் நிற்கிற புகைப்படத்தையும் வைத்துத் தாம்பரம் மாநகராட்சி ஆணையருக்கு மனு எழுதுங்கள். கொடுக்கப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். கையில் மட்டை இருக்கட்டும்.