நிட்டினால் கம்பி வைத்த ரோபோ விரல் நிமிர மறுப்பது பற்றி

உங்கள் சிலிக்கோன் ரோபோ விரலுக்குள் 0.25 மிமீ நிட்டினால் (வடிவத்தை நினைவில் வைக்கும் நிக்கல்-டைட்டானியம் கலவை) கம்பி. மின்சாரம் கொடுத்தால் வளைகிறது, நிறுத்தினால் நிமிர அரை நிமிடம் ஆகிறது என்கிறீர்கள். கம்பியில் குறை இல்லை. மின்சாரம் தரும் சூட்டில் சுருங்கும், ஆறினால்தான் தளரும். சிலிக்கோனோ அதற்குப் போர்வை போர்த்தியது மாதிரி.

0.1 மிமீ கம்பிக்கு மாறுங்கள், சீக்கிரம் ஆறும். இழுவிசை போதாவிட்டால் இரண்டு மூன்றை இணையாகப் போடலாம். ஆனால் பழைய மின்னோட்டத்தையே கொடுத்துவிடாதீர்கள். ஒரு கம்பிக்குச் சுமார் 200 மில்லி ஆம்பியர் போதும்.

அப்புறம், ஆறிய கம்பி தானாக நீளாது, எதுவாவது அதை இழுக்க வேண்டும். விரலின் முதுகில் மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை பதியுங்கள். இதை மறந்துவிட்டு நான் ஒரு வாரம் மின்சுற்றையே சந்தேகப்பட்டேன்! சுருக்கம் கம்பியின் நீளத்தில் 4 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தாண்டினால் கம்பி சீக்கிரமே சோர்ந்துவிடும்.